இரண்டு டம்ளர் பிடித்த சிப்பாய்

குணசேகரன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, காலை ஷிப்ட் முடிந்து சிப்காட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நம் வாட்ஸ்அப் குழுவில் அவர் மகள் இரண்டு வரி போட்டிருந்தாள். தூக்கத்திலேயே மாரடைப்பு. படித்ததும் என் மனம் நேராகச் சிதம்பரத்தில் அவர் வீட்டு அலமாரிக்குத்தான் போனது. அதன் மேல்தட்டில் பிரிக்காத பெட்டி ஒன்று உண்டு. ராணுவச் சமையல் வண்டியும் சமையல்காரர்களும் உள்ள பொம்மை செட். எவ்வளவு கெஞ்சியும் எனக்குத் தராதது. இனி அது யாருக்குப் போகும் என்றுதான் முதலில் யோசித்தேன். அழுகை பிறகுதான் வந்தது. சிப்பாய்ப் பொம்மை சேர்க்கும் நம் ஆட்களுக்கு இது புரியும். புரிகிறது என்பதற்காக என்னை மன்னித்துவிட வேண்டாம்.

எங்கள் கம்பெனியில் மட்டும் அவரை அறிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குணா வீட்டில் செய்த வேலை இதுதான்: சுண்டுவிரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களின் கைகால்களை, அவை கோத்து வரும் சட்டத்திலிருந்து நறுக்கி ஒட்டி, வண்ணம் பூசி, ஒரு பலகையில் போர்க்களத்தின் ஒரு மூலையை அமைப்பது. ஆனால் அவருடைய போர்க்களத்தில் சண்டையே இருக்காது. பெட்டியில் வருகிற சிப்பாய் குறிபார்த்துச் சுடுவான். குணா துப்பாக்கியை வெட்டி எறிந்துவிட்டு அவன் கையில் டம்ளரைக் கொடுத்துவிடுவார். ஒருமுறை நான் கிண்டல் செய்தேன். "இதென்ன ராணுவமா, டீக்கடையா?"

"சண்ட போடறவன் மூஞ்சி எல்லாம் ஒரே மாதிரிதான் மச்சான். டீ குடிக்கறப்பதான் ஆளு யாருன்னு தெரியும்" என்றார்.

மச்சான் என்று நாங்கள் பழகியதால் அவர் மனைவி மல்லிகா எனக்குத் தங்கையானார். உறவு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

கண் வைக்கும் நாளை நம் குழுவில் யாரும் மறக்க முடியாது. கோயில் சிலைக்குக் கடைசியில் கண் திறப்பதைப்போல, குணா எல்லா வேலையையும் முடித்துவிட்டு, கண்ணை மட்டும் விட்டுவைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிடுவார். ஆளுக்கொரு சிப்பாய். மல்லிகாவின் சாம்பார் சாதம் முடிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனி பிரஷால் புள்ளி வைக்க வேண்டும். நான் முதலில் வைத்த கண்ணைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "பேயப் பாத்தவனாட்டம் முழிக்கறான் பாரு! எதப் பாக்கறான்னு மொதல்ல முடிவு பண்ணு. அப்புறம் கண்ணு வை."

கடைசியாக அவர் செய்தது, வழியில் லாரி நின்றுபோய் ரோட்டோரம் டீ குடிக்கும் சிப்பாய்கள். போனில் அழைத்தார். "ஒருத்தன் மட்டும் ரெண்டு டம்ளர் வெச்சிகினு ரோட்டப் பாத்து நிக்கறான் மச்சான். யாரோ வரணும். அவனுக்கு நீதான் கண்ணு வெக்கற, வந்துடு."

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றேன். அந்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு ஒரு காதுகுத்து. பிறகு ஒரு ஞாயிறு காரணமே இல்லை. கடலூரில் வீட்டில் படுத்துக்கொண்டு டிவி பார்த்தேன். மற்றவர்கள் போய் அவரவர் சிப்பாய்க்குக் கண் வைத்துவிட்டு வந்தார்கள். அதன்பின் குணா என்னைக் கூப்பிடவில்லை. கோபமென்று நினைத்தேன். நெஞ்சுவலியோடு அலைந்திருக்கிறார் என்பது சாவு வீட்டில்தான் தெரிந்தது.

பால் தெளித்த அன்று மல்லிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோடித் துணி எடுக்க எங்கூடப் பொறந்தவங்க இருக்காங்க. நீங்க அந்த ரெண்டு டம்ளர்காரனுக்குக் கண்ணு மட்டும் வெச்சிக் குடுங்கண்ணே. கருமாதிக்கு போட்டோ பக்கத்துல வெக்கணும்."

கருமாதிக்கு முந்தைய நாள் குணாவின் மேசையில், அவருடைய விளக்கின் கீழே உட்கார்ந்தேன். அந்த ஒருவனைத் தவிர எல்லோருக்கும் கண் இருந்தது. அவன் எதைப் பார்க்கிறான் என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் ரோட்டைப் பார்க்கும்படி கண் வைக்க எனக்குக் கை வரவில்லை. புள்ளியைக் கீழே இறக்கிவிட்டேன். டீ சூடாக இருக்கிறது, சிந்தாமல் பார்த்துக்கொள்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது பச்சைப் பொய்.

மல்லிகா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "டம்ளரயா பாக்கறான்? ரோட்டப் பாக்கறான்னுதானே சொன்னாரு?"

"கை நடுங்கிடுச்சிம்மா."

மல்லிகா அவனை அப்படியே எடுத்துப்போய்ப் போட்டோ பக்கத்தில் வைத்தார். மறுநாள் காரியம் முடிந்ததும், அந்தச் சிப்பாயை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்தார். "அவுரு சொன்ன மாதிரி வெச்சிட்டுக் கொண்டாங்க. அலமாரில எதுனா வேணும்னாலும் எடுத்துக்குங்கண்ணே." நான் மேல்தட்டுப் பக்கம் தலையைத் தூக்கவே இல்லை. டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

குணாவிடமிருந்து என்னிடம் இருப்பது இவன் ஒருவன்தான். தின்னரில் பஞ்சை நனைத்து, நான் வைத்த கண்ணைத் துடைத்துவிட்டேன். இப்போது என் மேசையில் இரண்டு டம்ளரோடு கண்ணில்லாமல் நிற்கிறான். பிரஷை எடுக்கிறேன், கீழே வைத்துவிடுகிறேன். நேற்று மல்லிகா போன் செய்தார்.

"முடிஞ்சிதாண்ணே?"

"அடுத்த ஞாயித்துக்கெழம வரேம்மா" என்றேன்.