குத்தாமல் விட்ட துளைகள்

என் தம்பி இருபத்தாறு வருடமாக ஒரே கேள்வியைத்தான் யோசித்தான். கலக்கினால் எல்லாம் கலந்துவிடுமா? ஒரு தொட்டியில் திரவம், அதில் ஒரு சொட்டு மை, ஒரு துடுப்பு. துடுப்பு இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. மை எங்கெல்லாம் போகும், எங்கே போகாது? உண்மையில் தொட்டியும் கிடையாது, துடுப்பும் கிடையாது. எல்லாம் காகிதத்தில் கணக்குதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அவன் பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் அவனோடு வந்து தங்கினேன். ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறையும் விரிப்பும் தைத்துக் கொடுப்பது என் வேலை. முன்னறையில் ஜன்னல் பக்கம் என் தையல் மெஷின், சுவர்ப் பக்கம் அவன் மேசை. பேசாமலே ஒரு நாளை ஓட்டிவிடுவோம்.

அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதர். கணினி அறையில் வேலை பார்ப்பவர். தலைமுடியைப் பார்த்து எல்லோரும் சுருட்டை என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். வந்தால் வீடே கலகலக்கும்.

"அக்கா, உங்க தம்பி இத்தனை வருஷமா கலக்கறதப் பத்தியே யோசிக்கிறார். அவர் குடிச்சு வெச்ச காபி டம்ளரப் பாருங்க. சக்கரை அடியில அப்படியே கெடக்கு."

"அதான்டா என் ஆராய்ச்சி" என்பான் தம்பி.

விஷயம் இதுதான். எவ்வளவு கலக்கினாலும் நடுவில் சில இடங்கள் கலையாமல் தனியாகவே சுற்றிக்கொண்டிருக்குமாம். வெளியே இருக்கும் மை உள்ளே நுழையாது. அதற்கு அவர்கள் தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட விதமாகக் கலக்கினால் அந்தத் தீவின் கரை எந்தக் காலத்திலும் உடையாது என்று நிரூபிக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. வேறு எதுவும் அவன் கேட்டு நான் பார்த்ததில்லை.

நாற்பத்திரண்டாவது வயதில் அவன் கண் போக ஆரம்பித்தது. நேராகப் பார்க்கும் இடம் முதலில் மங்கியது. எழுத்து போயிற்று, பிறகு முகங்கள். இதற்கு வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிரூபணத்தில் ஒரே ஒரு படி இடித்துக்கொண்டிருந்த சமயம் அது. கணினியில் கணக்கை ஓட்டிப் பார்த்தால் கரை மூடியிருக்கிறதா என்று தெரியும், ஆனால் திரையில் வரும் புள்ளி அவன் கண்ணுக்குத் தெரியாது, பிறர் பார்த்துச் சொன்னால் அவனுக்குப் போதாது.

"அக்கா, நீ ஊசி பிடிக்கிறவதானே? எனக்குக் குத்திக் குடு" என்றான்.

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. சுருட்டை பட்டியலை அச்சடித்துக் கொண்டுவருவதோடு சரி, எண்களைப் படித்துப் பார்க்கமாட்டார். வரிக்கு இரண்டு எண். ஒன்று எவ்வளவு தள்ளி, மற்றது எவ்வளவு மேலே. துடுப்பு ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் மை எங்கே நிற்கிறது என்பதுதான் அந்த வரி. தடித்த அட்டையின் பின்பக்கம் இடவலம் மாற்றிக் கட்டம் போட்டு, அந்த இடத்தில் ஊசியால் ஒரு குத்து குத்துவேன். ஒரு பட்டியல் முடிய மூன்று வாரம் ஆகும். அட்டையைத் திருப்பி அவன் விரலால் தடவுவான். மை போன இடமெல்லாம் சொரசொரப்பு. நடுவில் தீவு மட்டும் வழுவழு.

முதல் அட்டையில் தீவைக் கண்டதும் என் விரலைப் பிடித்து அதன் கரையைச் சுற்றிக்கொண்டு போனான். "பாத்தியா, பாத்தியா" என்று கண் தெரியாத தம்பி என்னிடம் கேட்டான். இத்தனை அலைக்கழிப்புக்கு நடுவிலும் படைத்தவன் ஓர் இடத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறான் என்று நினைத்து அன்று மனமுருகப் பிரார்த்தனை செய்தேன். அந்த நினைப்புத்தான் பின்னால் வினையானது.

இரண்டாவது பட்டியலின் கடைசி இரண்டு பக்கங்கள் தீவுக்குள் விழுந்தன. ஊசியை எடுக்காமல் அவனிடம் சொன்னேன்.

"உள்ளயா? சரியாப் படிச்சியா?"

"மூணு தடவை படிச்சேன் தம்பி."

கொஞ்சம் யோசித்தான். "கணினி எண்ணோட வால வெட்டி வெட்டித்தான் கணக்குப் போடும். ஒவ்வொரு வெட்டும் சின்னப் பிழை. ரொம்ப நேரம் ஓடினா இந்த மாதிரி கணக்குல அது ஊதிப் பெருசாகிடும். அது நெஜம் இல்ல. விட்டுடு."

விட்டுவிட்டேன். அடுத்த பட்டியலிலும் கடைசியில் அப்படியே வந்தது. அவனை ஏன் மறுபடி தொந்தரவு செய்ய வேண்டும் என்று நானே விட்டேன். அதற்கடுத்ததிலும் விட்டேன். உள்ளே குத்த எனக்கு மனம் வரவில்லை என்பதும் உண்மை. மொத்தம் பன்னிரண்டு அட்டை. பன்னிரண்டிலும் தீவு வழுவழுவென்று இருந்தது. அதைத் தடவித் தடவியே அவனுக்கு அந்த இடித்த படியில் நம்பிக்கை வந்தது. கரை மூடித்தான் இருக்கிறது என்று எழுதி முடித்தான்.

கட்டுரை ஓர் ஆராய்ச்சி இதழில் வெளியானது. அதுவரை அவனைக் கண்டுகொள்ளாத துறைத் தலைவர் வீடு தேடி வந்து கை கொடுத்தார். தம்பி அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டான்.

எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வேறு நாட்டில் இதே ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மா எழுதியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுருட்டைதான் படித்து அர்த்தம் சொன்னார். உங்கள் கரையில் ஓர் இடைவெளி இருக்கிறது. மிக மெதுவாக, ஆயிரக்கணக்கான சுற்றுக்குப் பிறகு கசிகிறது. நாங்கள் ஐம்பது முறை ஓட்டினோம், அநேகமாக எல்லாம் இடது கீழ்ப் பக்கமாகவே நுழைகின்றன. உங்கள் பட்டியல்களில் இது தெரியவில்லையா?

தம்பி சிரித்தான். "பதில் எழுது. பன்னிரண்டு பட்டியல் பாத்தோம். ஒண்ணுல மட்டும், அதுவும் கணக்குப் பிழை. மத்த எதுலயும் ஒரு புள்ளி கூட உள்ள வரல. என் விரல் பொய் சொல்லாது. அப்படியே எழுது."

சுருட்டை எழுத ஆரம்பித்தார். உறை ஒட்டுகிற நேரம்வரை மெஷினில் குனிந்தே இருந்தேன்.

"தம்பி, அத அனுப்பாத."

"ஏன்?"

"மத்ததுலயும் வந்துது. நான் குத்தல."

"எத்தனையில?" என்றான்.

"மொதல்ல சொன்னதோட சேத்து ஒம்போதுல."

"எந்தப் பக்கம்?"

பழைய பட்டியல்களை இழுத்துப் போட்டுச் சுருட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் சொல்லத் தயங்கியதிலேயே தம்பிக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க்கா சொல்லல?"

"நீதானேப்பா விட்டுடுன்ன."

"ஒரு தடவைக்குச் சொன்னேன்." குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு தடவை வந்தா கணக்குப் பிழை. ஒம்போது தடவை ஒரே எடத்துல வந்தா அது வாசல்."

சுருட்டை விடவில்லை. "இருங்க சார், இது நல்லதாப் போச்சு. பட்டியல்ல தேதி இருக்கு. நாலு வருஷம் முன்னாடியே நம்ம கையில இருந்திருக்கு. நாமதான் மொதல்ல கண்டுபிடிச்சோம்னு எழுதுவோம்."

"யாரு கண்டுபிடிச்சது? உன் பிரிண்டரா?"

அந்த அம்மா சொன்னது சரி, என் முடிவு தவறு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மூன்று வரியில் வேறு கடிதம் போனது. தப்பு என்னுடையது என்று எழுதச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கட்டுரையில உன் பேரப் போடல. தப்புக்கு மட்டும் போட்டா நல்லாருக்குமா?" என்றான். அதுதான் அவன் கடைசியாகச் செய்த வேடிக்கை.

விட்ட பக்கங்களை அவன் கேட்காமலே உட்கார்ந்து குத்தினேன். பத்து நாள் ஆயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தேன். தீவின் இடது கீழ்க் கரையில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்துவிட்டு, "ம்" என்று திருப்பிக் கொடுத்தான்.

அந்த அம்மா மறுபடி எழுதினார். எவ்வளவு வேகத்தில் கசிகிறது என்று சேர்ந்து கணக்குப் போடலாமா என்று மரியாதையாகவே கேட்டிருந்தார். நானும் சுருட்டையும் எவ்வளவோ சொன்னோம்.

"எப்படிக்கா?" என்றான். "இனி ஒரு அட்டையத் தடவினா, வழுவழுன்னு இருக்கற எடம் நெஜமாவே அப்படியா, இல்ல நீ விட்டதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"



என்னை அவன் மன்னித்துவிட்டான். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கடவுளிடமும் தினம் கேட்கிறேன். ஆனால் மேசையில் அவன் உட்காருவதில்லை. வேலையையும் விட்டுவிட்டான். சுருட்டை எப்போதாவது வருகிறார், சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்.

காலையில் நான் செய்தித்தாள் வாசிப்பேன். முடித்ததும், "அவ்வளவுதானா? எதையும் விட்டுடலையே?" என்று கேட்பான். கோபமாக அல்ல, சும்மாதான். நான் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய், வரி விளம்பரம்வரை எல்லாவற்றையும் வாசிக்கிறேன். அவன் முகம் ஜன்னல் பக்கம் இருக்கும். கேட்கிறானா என்று தெரிவதில்லை.