ஒல்லிக் கால்

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போதே கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் நிலையத்துக்கு எதிரே போர்டு எழுதும் கடை வைத்திருந்தேன். மளிகைக் கடை, சைக்கிள் கடை, சலூன் என்று அந்த வட்டாரத்துப் பெயர்ப் பலகைகளில் பாதி என் கைவேலை. ஆனால் கையைவிட வாய்க்குத்தான் வேலை ஜாஸ்தி. என் கடை ஸ்டூல் காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. யாராவது வந்து உட்காருவார்கள், டீ வரும், நான் கதை அளந்துகொண்டே எழுதுவேன். பேசாமல் எழுதினால் எழுத்து முறைத்துப் பார்க்கும் என்று அதற்கு ஒரு வியாக்கியானம் வேறு.

எங்கள் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. எழுதுகிறவன் தான் எழுதுவதைப் படிக்க மாட்டான். வளைவு சரியா, கோடு நேரா என்று பார்ப்பானே தவிர, வார்த்தை கண்ணில் படாது.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு கண் டாக்டர் புதிதாக ஆஸ்பத்திரி திறக்க இருந்தார். பல வருஷம் வெளியூரில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். சிரிப்பதற்குக்கூட வேளை பார்ப்பவர் போல முகம். சிதம்பரத்தில் ஆள் இல்லையா, கடலூருக்கு எதற்கு ஓடவேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லியும், என் எழுத்து பிடித்துப்போய் என்னைத் தேடி வந்தார். வெள்ளைப் பலகையில் 'கண் டாக்டர்' என்று இரண்டே வார்த்தை. 'கண்' மட்டும் பச்சையில், மற்றதெல்லாம் நீலத்தில். திறப்பு விழாவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கயிற்றை இழுத்துத் துணியை விலக்கப் போகிறார். அந்தப் போர்டு நன்றாக அமைந்துவிட்டால் சிதம்பரத்து வேலை முழுக்க என் பக்கம் வந்துவிடும் என்று நான் அன்றைக்கே கோட்டை கட்டிவிட்டேன்.

எழுத உட்கார்ந்த அன்று என் மச்சான் வந்து சேர்ந்தான். என் மனைவியின் தம்பி. கடலூர் சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். அன்று ஒரு மீன்காரம்மா அவனை வறுத்து எடுத்திருந்தார். கூடைக்கு லக்கேஜ் கேட்டதற்கு, கூடை என்ன உன் சீட்டிலா உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைத்துவிட்டாராம். கண்டக்டர் என்றால் இளப்பமா, கண்டக்டருக்கு மானம் இல்லையா, கண்டக்டர் மனுஷன் இல்லையா என்று அவன் புலம்ப, நான் மீன்காரம்மா பக்கம் சேர்ந்துகொண்டு அவனைச் சீண்ட, சாக்பீஸ் கோடும் போட்டாயிற்று, பெயின்ட்டும் நிரப்பியாயிற்று. புழுதி படாமல் இருக்கக் காய்ந்ததும் நானே துணியைச் சுற்றிக் கயிறு கட்டி, திறப்பு வரைக்கும் யாரும் பிரிக்கவேண்டாம், அப்படியே மாட்டுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். விழா அன்று காலை மச்சானே முதல் டிரிப்பில் பஸ் மேல் போட்டு எடுத்துப் போனான்.

பஸ் போன பிறகு டப்பாக்களை எடுத்து அடுக்கினேன். பச்சை டப்பா கனத்தது. மூடியைப் பார்த்தேன். கடையில் வாங்கியபோது இருந்த சீல் அப்படியே இருந்தது.

பச்சை திறக்கவே இல்லை என்றால் 'கண்' என்ன நிறம்? கண்ணை மூடிக்கொண்டு போர்டை நினைத்துப் பார்த்தேன். ஒரே நீலம். நடுவில் இடைவெளி இல்லை. டாவுக்குக் காலும் இல்லை. அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் எழுதியதை நானே படித்தேன்.

கண்டக்டர்.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. மடியில் பச்சை, நீலம் இரண்டு டப்பாவையும் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுச்சத்திரம் வரைக்கும் பக்கத்து ஆசாமி உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் கண்முன்னே வேறு காட்சி ஓடியது. ஊர்ப் பெரியவர் கயிற்றை இழுக்கிறார். கூட்டம் படிக்கிறது. கண்புரைக்கு வந்த பாட்டையா, சீர்காழிக்கு ஒரு டிக்கெட் என்று டாக்டரிடம் கை நீட்டுகிறார். அத்தனை வருஷம் கழித்து ஊருக்கு வந்த மனிதரை முதல் நாளே ஊர் சிரிக்கிறது. பிறகு அவருக்கு ஆயுசுக்கும் அதுதான் பெயர். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாமோ என்றுகூடத் தோன்றியது.

தெற்கு வீதியில் நாற்காலிகள் போட்டு, கூட்டம் உட்கார்ந்து, நாகசுரம் வாசித்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு மேல் என் போர்டு, துணி மூடியபடி. பெரியவர் இன்னும் வரவில்லை. ஒரு சின்ன டச்சப் இருக்கிறது என்று கம்பவுண்டரிடம் முனகிவிட்டு, போர்டை மாட்டியவர்கள் விட்டுவைத்திருந்த ஏணியில் ஏறி, போட்டோக்காரர் மாதிரி துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

துணிக்குள் பெயின்ட் வாசனையும் என் வியர்வையும்தான். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் பிரஷ். இன்னொரு பிரஷ்ஷை வைக்க இடமில்லாமல் பல்லில் குறுக்கே கடித்துக்கொண்டேன். டவுக்கும் க்-குக்கும் நடுவில் விரல் அகலம்தான் இடம். அதில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நீலக் கால் இறக்கினேன். பிறகு பச்சையை எடுத்து 'கண்' மேல் பூச ஆரம்பித்தேன். நிறம் மாறினால் இடைவெளி இல்லாவிட்டாலும் வார்த்தை இரண்டாகிவிடுமே.

கீழே இருந்து மச்சான் குரல் கேட்டது. விழா இனிப்புக்காக அடுத்த டிரிப் வரைக்கும் தங்கியிருக்கிறான்.

"இன்னா மாமா, கண்ணு காட்டிக்க வந்தியா? ஆளு காலு மட்டும்தான் தெரியுது."

இதற்குக் குறைந்தது மூன்று பதில் என் நாக்கில் வந்து நின்றது. பிரஷ் விடவில்லை. அவன் இன்னும் என்னென்னவோ கேட்டான், கம்பவுண்டர் கேட்டார், பெரியவர் வந்துவிட்டார் என்று நாகசுரம் கெட்டிமேளமே வாசித்தது. நான் வளைவு, கோடு, வளைவு என்று ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள்ளேயே படித்துப் படித்து முடித்தேன். ஈரத்தில் துணி ஒட்டாமல் இருக்க உள்ளேயிருந்து முதுகால் துணியைத் தள்ளிப் பிடித்தேன். அதற்குள் பெரியவர் கயிற்றை இழுத்துவிட்டார். துணி அப்படியே என் தலைமேல் விழுந்தது.

கூட்டத்தின் முதல் சிரிப்பு எனக்குத்தான். அது கிடக்கட்டும். துணியை விலக்கிப் பார்த்தபோது டாக்டர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாக, வாய் அசைய.

"கண் டாக்டர். நல்லாத்தான் இருக்கு. அந்தக் காலு மட்டும் ஏன் இவ்ளோ ஒல்லி?"

பல்லிலிருந்து பிரஷ்ஷை எடுத்தேன்.

"கண்ணுக்குத்தான் வைத்தியம்னு சொன்னீங்க சார். காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். நான் டப்பாவோடு ஏணியிலிருந்து இறங்கினேன். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த லட்டை விட்டுவிட்டு, பச்சைக்கு அடியில் தெரிந்த நீலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். திரும்பி வரும்போது டிக்கெட் கொடுத்துக்கொண்டே காதருகில் குனிந்து, "என் பேர்ல ஆஸ்பத்திரி தொறக்கப் பாத்தியே மாமா" என்றான்.

அன்று முதல் எழுத உட்காருவதற்கு முன்னால் எல்லா டப்பாவையும் திறந்து வைத்துவிட்டு, பல்லில் ஒரு பிரஷ்ஷைக் கடித்துக்கொள்கிறேன். ஸ்டூலில் ஆள் இருக்கிறார்கள், டீயும் வருகிறது, பேச்சு மட்டும் பெயின்ட் காய்கிற நேரத்துக்குத் தள்ளிப்போயிற்று. சிதம்பரம் போகும்போதெல்லாம் தெற்கு வீதியில் நின்று அந்த ஒல்லிக் காலை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருவேன். இன்றைக்கும் என் தொழில் நிற்பது அதன்மேல்தான்.