அட்டுவம்பட்டியில் ஒரு சமையல் குழப்பம்

சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் தொழிலில் படுக்கை விரிப்பது ஐந்து நிமிட வேலை, அவர்கள் தட்டில் என்ன போடுவது என்பதுதான் ஆயுள் வேலை. வீட்டுக்கு விருந்தாளி வந்து, 'இவர்களுக்கு என்ன பிடிக்குமோ' என்று அடுப்படியில் முழித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு அது தினமும்.

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் எங்களுக்கு மூன்று அறைகள், பின்னால் ஒரு அடுப்படி. சமைப்பது நானும் புஷ்பம் அக்காவும். போன சீசன் தொடங்கும்போதே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "இந்தா பாரு, வர்றவுங்க எல்லாம் டவுனுக்குப் போயித்தான் சாப்புடுறாங்க. மே மாசத்துக்குள்ள நம்ம வீட்டுல சாப்புட ஆள் சேரலேன்னா, அடுப்படிய நாலாவது ரூமாக்கிருவேன்." அடுப்படி போனால் புஷ்பம் அக்காவுக்குச் சோலி போய்விடும். பதினோரு வருஷமாக என்னோடு நிற்கிறவர். அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல், விதவிதமாகச் சமைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

உள்ளூர்ச் சாப்பாடு

சென்னையிலிருந்து ஒரு இளம் தம்பதி. வந்து இறங்கியதுமே, "எங்களுக்குப் பக்கா லோக்கல் சாப்பாடுதான் வேணும்" என்றார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மலைப்பூண்டு உரித்துக் குழம்பு, பட்டர் பீன்ஸ் பொரியல், சௌசௌ கூட்டு எல்லாம் தயாரானது. பூண்டு உரித்ததில் விரல் நகமெல்லாம் எரிந்தது.

இருவரும் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். கை கழுவி வந்த அந்தத் தம்பி கொஞ்சம் தயங்கி நின்றார். "எல்லாம் சூப்பர் மேடம். ஆனா இதெல்லாம் எங்க வீட்டுலயே அம்மா செய்வாங்க. லோக்கல்னா, இந்த மோமோஸ் மாதிரி எதுவும் இல்லையா?"

மொட்டையும் கோழியும்

பழநிக்குப் போகிறவர்களும், போய்விட்டு வருகிறவர்களும் எங்கள் வீட்டில் தங்குவார்கள். அதற்கென்று எங்கள் அடுப்படியில் ஒரு சட்டம் உண்டு. கழுத்தில் மாலை, தலையில் முடி இருந்தால் இனிமேல்தான் கோயில், வெங்காயம்கூடக் கிடையாது. மொட்டைத் தலையில் சந்தனம் இருந்தால் வேண்டுதல் முடிந்தது. தாராளமாகக் கறி ஆக்கலாம். பதினோரு வருஷமாக இந்தச் சட்டம் பிசகியதே இல்லை.

சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. ஐந்து மொட்டை, ஐந்திலும் சந்தனம். நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாட்டுக்கோழி அடித்து, மிளகு அரைத்து, மணக்க மணக்கக் குழம்பு வைத்துக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். ஒருவர்கூடக் கை நீட்டவில்லை. ஊருக்குப் போய்க் குலசாமிக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் அவர்கள் கவுச்சி தொடுவார்களாம். மோரும் ஊறுகாயும் கொண்டுவர உள்ளே ஓடினேன். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த வீட்டுப் பெரியம்மா கேட்டார்: "தலையப் பாத்தா சமைப்பீக தாயி? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

படுக்கையில் மாவு

இங்கே குளிருக்கு இட்லி மாவு லேசில் புளிக்காது. கரைத்த மாவுப் பானையைக் கம்பளியில் சுற்றி, வெயில் விழும் இடமாகப் பார்த்து வைப்போம். எங்கள் வீட்டில் மத்தியான வெயில் நேராக விழுவது இரண்டாம் நம்பர் அறையின் கட்டிலில். அறை காலியாக இருந்தால் மாவுக்கு அங்கேதான் ஓய்வு.

அன்றைக்கு அந்த அறைக்கு ஆள் சாயங்காலம்தான் வருவதாக இருந்தது. பெரிய பானையைக் கம்பளியில் சுற்றிக் கட்டிலில் வைத்து, தலைமாட்டில் ஒரு தலையணை முட்டுக்கொடுத்து, மேலே இன்னொரு போர்வையும் போர்த்திவிட்டு அக்கா வந்துவிட்டார். வந்தவர்களோ மத்தியானமே வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பாட்டுக்குச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வந்தவர்களில் ஒரு அம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் அடுப்படிக்கு வந்து என் காதருகே குனிந்தார்: "மேடம், எங்க ரூம்ல யாரோ படுத்திருக்காங்க. பாவம், உடம்பு சரியில்ல போல, அசையவே இல்ல."

பலகை

ஏப்ரலில் ஒருநாள் மழை. டவுனுக்குப் போகும் வழியில் மரம் விழுந்துவிட்டது. ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வெளியே போக முடியாமல் அறையில் மாட்டிக்கொண்டது. மாலை நாலு மணிக்கு நானும் அக்காவும் எங்களுக்கென்று சுட்ட தேங்காய் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தோம். அக்காவின் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அந்த ரொட்டியும், வத்தலும் சின்ன வெங்காயமும் கருவாடும் இடித்து எலுமிச்சை பிழிந்த கட்டச் சம்பலும் அவர் வீட்டுச் சாப்பாடு. வாசனை பிடித்து வந்த அந்த வீட்டுப் பெண் கேட்டு வாங்கித் தின்றாள். அப்புறம் அவள் அப்பா. அப்புறம் மொத்தக் குடும்பமும் அடுப்படியில். மரத்தை அகற்றிய பிறகும் அவர்கள் டவுனுக்குப் போகவில்லை.

என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வாசலில் பலகை மாட்டி, 'தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல் கிடைக்கும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அதோடு சரி. இரண்டு வாரம் ஒருத்தரும் கேட்கவில்லை. பலகையை வாசித்துவிட்டு, "ஃப்ரைட் ரைஸ் இருக்கா?" என்பார்கள். பலகையை நானே கழற்றிக் கோழிக்கூண்டுக்கு மேல் போட்டேன். இனி அவ்வளவுதான் என்று மனம் விட்டுப்போனது. அக்காவிடம் அடுப்படி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்துதான் எனக்கு விளங்காத கூத்து. அடுப்படி வாசலோரம் நாங்கள் ரொட்டியைப் பிய்க்க உட்கார்ந்தால், "உங்க தட்டுல என்னது அது?" என்று ஒருவர் வந்து நிற்பார். அவரைப் பார்த்து இன்னொருவர். மே கடைசியில் என் வீட்டுக்காரர் சொன்னது சொன்னபடி அளவு டேப்போடு அடுப்படிக்கு வந்தார். உள்ளே ஒன்பது பேர், மணையிலும் அரிசி மூட்டையிலுமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கால் வைக்க இடமில்லை. கல்லில் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி புஷ்பம் அக்கா சொன்னார்: "அளக்கிறதுன்னா சாப்பாட்டு மேசைக்கு அளங்க தம்பி. ஆளுங்களுக்கு இடம் பத்தல பாருங்க."

மலைக்கு வருகிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, அவர்கள் பார்வையில் படும்படி நாங்கள் முதலில் சாப்பிட உட்கார வேண்டும் என்பது மட்டும் தெரிந்ததில் நான் ஆறு கிலோ கூடியிருக்கிறேன்.