படத்தை முழுதாகப் பார்த்தவர்

எங்கள் தேயிலைத் தோட்ட மண்டபத்தில் மாதம் ஒரு படம் போடுவேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்துப் பட்டம் வாங்கியவள் நான்; நல்ல படங்களை எங்கள் சனமும் பார்க்கட்டும் என்ற ஆசை, கொஞ்சம் பெருமிதமும். தவறாமல் வருபவர் தோட்ட மேனேஜர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. திரையில் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை எழமாட்டார்.

ஒருமுறை போட்டது வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டக் கதை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு, செத்துப்போன ஒருத்தி தினமும் வந்து நிற்கிறாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க லா," என்றார் மேனேஜர். "வேலைக்கு ஆள் வரலன்னா அவ பிள்ளைங்களுக்குத் தோட்டம் குடுத்த லைன் வீடு போயிடும். அந்தப் பயம்தான் அங்க வந்து நிக்குது."

அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

மறுமாதம் அம்மா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். எங்கள் லைன் வீட்டை விட்டுவைக்கச் சொல்லி மேனேஜரிடம் போனேன்.

"இனிமே உங்க வீட்டுலேர்ந்து யாரு பெரட்டுக்கு வர்றா? நீயா?"

"நான் படிச்சிருக்கேன், சார்."

"அப்ப மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா."

"சார், அன்னைக்கு அந்தப் படத்துல..."

"அருமையான படம் லா. இன்னும் மனச விட்டுப் போகல."

அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பாக இருந்திருந்தால் அவரை எளிதாக வெறுத்திருப்பேன்.