தோளில் தட்டினால் நிறுத்துவாள்

நான் மயிலிட்டியில் கடற்றொழில் செய்பவன். ஆட்களோடு அதிகம் கதைக்க மாட்டேன். கதைத்தாலும் குரல் வெளியே வராது. மூத்த மகள் லைசென்ஸ் எடுத்த பிறகு, காலையில் துறைமுகத்துக்கு ஸ்கூட்டியில் வந்து என்னை வீட்டுக்கு ஏற்றிப்போவாள். அவளின் முகத்தைப் பார்க்காமல் பின்னால் இருக்கும்போது எனக்குத் தாராளமாகக் கதை வரும்.

ஒருநாள், பெரிய திருக்கை மீன் ஒன்று வலையைக் கிழித்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"என்னப்பா? கேக்கேல்லை" என்று தலையைத் திருப்பினாள்.

அந்த நேரம் பார்த்து பக்கத்துக் குறுகலான ஒழுங்கைக்குள் இருந்து ஒரு முதியவர் சைக்கிளில் வந்தார். நான் கத்தினேன். அவள் பிரேக் பிடிக்க, மணலில் சறுக்கி இருவரும் விழுந்தோம். சைக்கிளுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

"பிள்ளை, முன்னுக்குப் பாத்து ஓடு! பின்னுக்கு என்ன படமே ஓடுது?" என்று அவர் ஏசினார்.

மகளின் முழங்கையில் இரத்தம். அவளோ என் காலைத் தடவி, "உங்களுக்கு ஒண்டுமில்லையே அப்பா?" என்று அழுதாள். ஹெல்மெட் போட்டிருந்ததால் இருவருக்கும் தலை தப்பியது.

இப்போது ஸ்கூட்டி ஓடும்போது நான் வாய் திறப்பதில்லை. ஏதும் சொல்ல இருந்தால் அவளின் தோளில் மெதுவாகத் தட்டுவேன். ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, என் பக்கம் திரும்பி, "சொல்லுங்கோ அப்பா" என்பாள். அவளின் முகத்தைப் பார்த்துக் கதைக்க முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது, தட்டுவதற்கு ஏதாவது கதை இருக்கிறதா என்று கடலிலேயே யோசித்துக்கொண்டு வருகிறேன்.