அக்காவுக்கு வந்தது, எனக்கு வராதது

பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியை விட்டுக் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். ஒரு செருப்பின் வார் அறுந்துவிட்டது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தார் ரோடு சுட்டது. போகிற இடம் இன்னதென்று இல்லை. நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து செங்கல் சூளை, டீக்கடை, லாரி என்று ஒன்றை விட்டு ஒன்றுக்கு நடந்தே பழகியவன். ஆனால் எப்போதும் நானாகக் கிளம்பித்தான் போயிருக்கிறேன். அன்றைக்கு அக்கா போகச் சொன்னாள். "நீ போலே தம்பி. கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாம இரு" என்றாள். கோபம் இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னாள்.

தொண்ணூறுகளில் நடந்தது இது. எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கம். கடல் மீன் வராத நாள் கிடையாது. அக்கா மட்டும் மீனைத் தொடமாட்டாள், கறியைத் தொடமாட்டாள், முட்டை வாடைக்கே எழுந்து போய்விடுவாள். சாம்பாரில்கூடப் பருப்பை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொள்வாள். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, விடமாட்டாள்.

"ஏட்டி, நீ சைவப் பிள்ளைமார் வீட்டுல பொறக்க வேண்டியவ. வழி தப்பி இங்கன வந்துட்ட."

"ஆமா அத்தை, நாளைக்கே அங்கன போயிருதேன். நீங்க மீன் தலையோட குடும்பம் நடத்துங்க."

ஒரு கோயில் கொடை விழாவில் வற்புறுத்திக் கறி தின்ன வைத்தார்கள். அப்புறம் தலைவலி, வாந்தி, ஆளே மந்தித்துப்போய்க் கிடந்தாள். பித்தம் என்றார்கள். அத்தை மகன், அதாவது அக்காவுக்கு அத்தான், அதற்குப் பிறகு அவள் தின்னக்கூடியதாகப் பார்த்துத்தான் கொண்டுவருவான். நுங்கு, பனங்கிழங்கு, கொடுக்காப்புளி. இரண்டு பேருக்கும்தான் கல்யாணம் என்பது சின்ன வயதிலேயே பேசி முடித்த விஷயம்.

எங்கள் அம்மா வழியில் ஆண்பிள்ளை தங்குவது அபூர்வம். அம்மாவோடு பிறந்த ஆண்கள் பிறந்த வாரமே போனார்கள். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த பையன்களும் அப்படித்தான். நான் பிறந்ததும் குப்பையில் உருட்டி எடுத்து, மூக்குக் குத்திவிட்டார்கள். நான் தங்கினேன். மூக்குக் குத்தியதால் தங்கினேன் என்று அம்மா சாகிறவரை நம்பினாள்.

அம்மா கட்டியது தாய்மாமனை. அதனால் அக்கா கல்யாணம் நெருங்கும்போது ஏரலில் ஒரு டாக்டர், "இனிமேலும் சொந்தத்துல குடுக்காதீங்க" என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். அப்பா போய்ச் சொந்தத் தங்கை வீட்டு வாசலில் நின்று பெண் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதோடு அந்த வீட்டில் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. அக்கா அழுதாள். பிறகு, பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேரன்மகாதேவிப் பக்கம் ரைஸ்மில்லில் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டாள். எங்களுக்கும் அவருக்கும் ஒரு சொட்டு உறவு கிடையாது. தங்கமான மனுஷன்.

முதல் பையன் பிறந்தபோது நன்றாக வீறிட்டு அழுதான். அடுத்த நாள் பால் குடிக்கிறது குறைந்தது. அப்புறம் தூக்கம், தூக்கம். பால் பற்றவில்லை என்று நினைத்தோம். உரம் வரட்டும் என்று நான் ஊர் ஊராகத் தேடிக் கழுதைப்பால்காரனைக் கூட்டி வந்தேன். பிள்ளை தூங்கத் தூங்க, சங்கில் எடுத்துப் பைய வாயில் விட்டார்கள். அவனுக்கு வலிப்பு வந்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது பையனைப் பாளையங்கோட்டையிலேயே பெற்றாள். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா, பிள்ளை சோர்ந்ததுமே ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பாலை நிறுத்தச் சொன்னார். பாலும் பருப்பும் கறியும் செரித்த பிறகு உடம்பில் ஒரு நஞ்சு மிஞ்சுமாம். ஈரல் அதை யூரியாவாக மாற்றி மூத்திரத்தில் அனுப்பிவிடுமாம். இந்தப் பிள்ளையின் ஈரலுக்கு அது தெரியவில்லை. தாய்ப்பாலே நஞ்சு. அக்காவுக்குப் பால் கட்டி, சேலை முன்பக்கம் நனைந்து ஒழுகியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை, ஊசி வழியே சர்க்கரைத் தண்ணீர் ஏற, கிடந்தான். அவனும் தங்கவில்லை.

டாக்டரம்மா பிள்ளையின் ரத்தத்தையும் அக்கா ரத்தத்தையும் என் ரத்தத்தையும் வெளிநாட்டில் இருந்த ஒரு சிநேகிதிக்கு அனுப்பியிருந்தார். பல மாதம் கழித்து முடிவு வந்திருக்கிறது என்று கூப்பிட்டார். அதைக் கேட்கத்தான் அன்றைக்குப் போயிருந்தோம்.

உடம்பு எப்படி வேலை செய்யவேண்டும் என்று உள்ளே நீளமாக எழுதி வைத்திருக்கிறது, அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றார். அம்மாவிடமிருந்து அக்காவுக்கு வந்தது. பெண்ணிடம் அதற்கு இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் பிழைத்துக்கொள்வாள். பருப்பும் கறியும் மட்டும் ஒத்துக்கொள்ளாது. ஆணுக்கு அந்த ஒன்றுதான்.

அக்கா கேட்டாள்: "அப்போ சொந்தத்துல கட்டியிருந்தா?"

"இந்த நோய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைம்மா. நீங்க யாரைக் கட்டியிருந்தாலும் இப்படித்தான்."

அக்கா சேலை நுனியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "இனிமே ஒண்ணு உண்டானா, முன்னாலயே பாத்துச் சொல்ல முடியுமா டாக்டரம்மா?" என்றாள்.

"பையன்னா பாதிக்குப் பாதி. முன்னாடியே பாக்கிற சோதனை வெளிநாட்டுல இருக்கு. இங்க இன்னும் வரலை."

"மருந்து?"

"அதுவும் அங்கதான்."

"எல்லாம் அங்கன இருக்கு. பிள்ளை மட்டும் இங்கன பொறக்குது" என்றாள் அக்கா. பிறகு என்னைக் காட்டி, "இவனுக்கு?"

"இவருக்கு இல்லை. இவர் பிள்ளைகளுக்கும் வராது."

டாக்டரம்மா அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். இப்போது அந்தச் சோதனை நம் ஊர்களிலேயே நடக்கிறது, மருந்தும் கிடைக்கிறது என்கிறார்கள். அக்கா அதற்குப் பிறகு பெறவில்லை.

வெளியே படியில் உட்கார்ந்தோம். அக்கா வீட்டுக்காரர் பஸ் விசாரிக்கப் போயிருந்தார். அக்கா என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு பேருமே உன் சாடைதாம்லே. உன்னப் பாத்தா, அதுக வளந்து நிக்க மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகுதான் போகச் சொன்னாள். நான் எழுந்து நடந்தேன்.

வழியில் மணல் லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கம் இறங்கி, வாய்க்கால் ஓரத்து மோட்டார் கொட்டகையில் படுத்தேன். விடிந்ததும் பக்கத்து வாழைத் தோட்டத்தில் ஆள் வேண்டும் என்றார்கள். இலையெல்லாம் உச்சியில் கொத்தாகச் சுருங்கிப்போகும் சீக்கு ஒரு பாத்தியில் விழுந்திருந்தது. மரங்களைத் தோண்டி எடுக்கவேண்டும். தோட்டக்கார அண்ணாச்சி மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்.

ஒரு தாய் மரத்தடியில் நாலைந்து கன்றுகள் பச்சைப்பசேல் என்று நின்றன. "இந்தக் கன்னு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும் வே. தாய்க்குச் சீக்குன்னா ஒண்ணு பாக்கியில்லாம எல்லாத்துக்கும் வந்துரும். பிரிச்சுப் பாக்காதேயும். மொத்தமா எடுத்துப் போடும்."

வாழையில் பாதிக்குப் பாதி கிடையாது. ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பதும் கிடையாது. அன்றைக்கு எனக்கு அது நியாயமாகப் பட்டது. தாயோடு சேர்த்து எல்லாக் கன்றையும் வெட்டி வரப்பில் குவித்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போனேன்.