வெள்ளிக்கிழமைக் கறி

போட்டாதாங் கப்பல்துறையருகே இட்லிக் கடை நடத்திய நாட்களில் விடியும்போதே எனக்கு இடுப்பு ஒடிந்துவிடும். ஒருநாள் கப்பலில் கரி தள்ளும் அந்தோணி, ஒரு மெக்சிகோ மாலுமியை அழைத்துவந்தான்.

"அக்கா, ரொட்டிக்குள்ள வச்சுத் திங்க இவருக்குக் கறி வேணுமாம். இவுங்க ஊர்ல காலையில அதானாம். மிளகா, பூண்டு, சீரகம் அரைச்சு, புளிச்ச காடி ஊத்திப் பிசைஞ்சு வதக்கணுமாம். நாளைக்கு வாரோம்."

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்குக் கறி என்றால் காய்கறிதான். அலுத்துக்கொண்டே பலாப்பிஞ்சை வேகவைத்து உதிர்த்து, சொன்னபடி சிவக்க வதக்கினேன்.

மறுநாள் மாலுமி ஒரு வாய் கடித்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அந்தோணியும் தின்றுபார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "நான் கேட்டது பன்னிக்கறி, அக்கா!"

மாலுமியோ திடீரென்று சிலுவை போட்டுக்கொண்டு, என்னைக் கும்பிட்டு ஏதோ சொன்னார்.

அந்தோணியின் முகம் மாறியது. "ஆமாக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தவக்காலம் வேற. நாங்க இறைச்சி தொடக்கூடாது. கடல்ல கிழமையே மறந்துபோச்சு. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேக்குறாரு."

விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ஆறுறதுக்குள்ள சாப்பிடச் சொல்லு" என்றேன்.

எத்தனையோ பேருக்கு இடுப்பொடியச் சமைத்துப் போட்டிருக்கிறேன். என்னைக் கும்பிட்டவர் அவர் ஒருவர்தான். அதுவும் நான் தப்பாக விளங்கிக்கொண்டதற்காக.